சிறப்பு அனுமதி மனு போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

குழுவில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பாகப்பிரிவினை வழக்கில், உயர் நீதிமன்றம் இரண்டாவது மேல்முறையீட்டையும் தள்ளுபடி செய்துவிட்டது. அடுத்து உச்ச நீதிமன்றம்தான். அங்கே நேராக மேல்முறையீடு செய்ய முடியாது, அரசியல் சட்டத்தின் 136-வது பிரிவின்படி முதலில் அனுமதி கேட்க வேண்டும் என்கிறார் எங்கள் வக்கீல். அனுமதி கிடைத்தால்தான் மேல்முறையீடே ஆரம்பம். பெரும்பாலான மனுக்கள் முதல் நாளே சில நிமிடங்களில் தள்ளுபடியாகிவிடும் என்றும் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து அப்பாவுக்குத் தூக்கமில்லை.

தீர்ப்பு வந்த நாளிலிருந்து 90 நாள் கெடு. இன்றோடு 52 நாள் ஆகிவிட்டது. தீர்ப்பின் சான்றிட்ட நகல் கைக்கு வரவே மூன்று வாரம். அந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், அதை நம்பிக் கடைசி நாள் வரை இழுக்கப் பயமாக இருக்கிறது.

என் பெரிய தலைவலி ஆங்கில மொழிபெயர்ப்பு. கீழ் நீதிமன்றச் சாட்சியம், பத்திரம் எல்லாம் தமிழில். தாத்தா காலத்துப் பத்திரத்தில் மை மங்கி, எல்லை விவரம் இருக்கும் வரி மடிப்பிலேயே கிழிந்திருக்கிறது. வழக்கே அந்த வரியில்தான் நிற்கிறது! இப்படிப்பட்ட பக்கத்தை எப்படி மொழிபெயர்த்துச் சேர்த்தீர்கள்?

அப்புறம், மனுவைத் தாக்கல் செய்ய அட்வகேட் ஆன் ரெக்கார்டு (உச்ச நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்யப் பதிவு பெற்ற வக்கீல்) ஒருவர் வேண்டுமாம். தெரியாத ஊரில் அவரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? கட்டணத்தை மொத்தமாகப் பேசினீர்களா, ஒவ்வொரு விசாரணைக்குமா? உச்ச நீதிமன்றச் சட்டப் பணிக் குழு மூலம் இலவச உதவி பெற்றவர்கள் இருந்தால், எத்தனை நாளில் வக்கீல் கிடைத்தார் என்று சொல்லுங்கள். பெயர், எண்ணெல்லாம் இங்கே போட வேண்டாம், உள்பெட்டியில் அனுப்பினால் போதும்.