டி டிரைவைக் காணோம்!

குழு: பெரம்பூர் வீடு
சனிக்கிழமை

காலை 9:40
வேளச்சேரி அத்தை: அனைவருக்கும் இனிய சனிக்கிழமை வணக்கம் 🙏🌺

காலை 9:52
பிரவீன்: வணக்கம் அத்தை. குமார் சித்தப்பா, எழுந்துவிட்டீர்களா? நேற்று ரிச்சி ஸ்ட்ரீட் போய் கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டி (வேகமான புது வகை டிஸ்க்) வாங்கிவிட்டேன். 1 டிபி (1000 ஜிபி), என்விஎம்இ என்ற வேகமான வகை.

காலை 9:53
பிரவீன்: 📷 படம்

காலை 9:58
அம்மா: நேற்று காலேஜில் லேப் என்றாயே?

காலை 9:58
பிரவீன்: லேப் முடிந்துதான் அம்மா. சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன். அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்.

காலை 10:04
குமார் சித்தப்பா: எழுந்து இட்லியும் ஆயிற்று. நல்ல சரக்குதான். எதற்கு வாங்கினாய்? சி டிரைவில் ஏற்கெனவே எஸ்எஸ்டி இருக்கிறதே.

காலை 10:06
பிரவீன்: அது 240 ஜிபி சித்தப்பா. விண்டோஸும் காலேஜ் சாஃப்ட்வேரும் போட்டதும் நிறைந்துவிட்டது. சைபர்பங்க் 2077 கேம் மட்டும் 84 ஜிபி. அது பழைய ஹார்ட் டிஸ்க்கில், டி டிரைவில் கிடக்கிறது. உள்ளே போக ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. வண்டி ஓட்டிப் போனால் ரோடு முதலில் வருகிறது, கட்டடம் அப்புறம் வருகிறது.

காலை 10:07
அம்மா: அந்த ஒரு நிமிடத்தில்தான் இவன் எழுந்து தண்ணீர் கேனைத் தூக்கி வைப்பான். அதையும் கெடுக்காதே குமார்.

காலை 10:09
குமார் சித்தப்பா: 😄 அண்ணி, அந்தக் கேமுக்கு 2023-இல் 2.0 அப்டேட் வந்தபோது, குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டி என்று எழுதிவிட்டார்கள். பையன் ஆடம்பரத்துக்குக் கேட்கவில்லை.

காலை 10:10
பிரவீன்: கேட்டீர்களா அம்மா!

காலை 10:15
பெரியப்பா: எனக்கு ஒரு சந்தேகம். இரண்டும் டிஸ்க்தான். ஒன்று மட்டும் எப்படி வேகம்?

காலை 10:19
குமார் சித்தப்பா: அண்ணா, ஹார்ட் டிஸ்க்குக்குள் நிஜமாகவே தட்டு சுற்றுகிறது. நிமிடத்துக்கு 7200 சுற்று. தட்டின் மேல் ஒரு கை அங்கும் இங்கும் போய்ப் படிக்கும். எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை, வெறும் சிப்தான். நம் பென் டிரைவ் ஜாதி, ஆனால் பல மடங்கு வேகம்.

காலை 10:27
பெரியப்பா: 7200 என்றால் விநாடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. வேண்டிய இடம் கைக்கு அடியில் இப்போதுதான் கடந்து போயிற்று என்றால், அது மறுபடி வரும்வரை சும்மா நிற்க வேண்டும். சரியா?

காலை 10:28
குமார் சித்தப்பா: அதேதான் அண்ணா! ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை மூளை! கை நகரும் நேரம் வேறு தனி. ஒரே பெரிய சினிமாவைப் படிக்கும்போது இது உறைக்காது, வரிசையாக எடுத்துக்கொண்டே போகும். கேம் அப்படி இல்லை. சுவர் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம் என்று ஆயிரக்கணக்கான துண்டுகளைக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் இந்தக் காத்திருப்பு.

காலை 10:30
பெரியப்பா: அதனால்தான் அவன் ரூமில் கர்கர் என்று சத்தம். நான் எலி என்று நினைத்தேன்.

காலை 10:33
பிரவீன்: சித்தப்பா, மாட்டியதும் அந்த ஃபோல்டரை அப்படியே புது டிரைவுக்கு இழுத்துப் போட்டுவிடலாம்தானே?

காலை 10:36
குமார் சித்தப்பா: இழுக்காதே. இழுத்தால் ஃபைல் போகும், ஆனால் கேமை இறக்கித் திறக்கும் ஸ்டீம் ஆப்புக்குத் தெரியாது. அது பழைய இடத்தில் தேடிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய் என்று நிற்கும். ஸ்டீமே மாற்றிக் கொடுக்கும், சொல்கிறேன். முதலில் மாட்டு. பிளக்கைப் பிடுங்கு, பவர் பட்டனை ஒரு தடவை அமுக்கு, கேபினட்டின் இரும்பைத் தொடு, அப்புறம் கை வை. மதர்போர்டில் இருக்கும் எம்.2 என்ற சின்ன ஸ்லாட்டில் கொஞ்சம் சாய்த்துச் செருகி, கீழே படுக்க வைத்து, திருகு போடு. போர்டில் ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் தகடு) இருந்தால் அதன் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிடு. நிறைய பேர் அதோடு சேர்த்தே மூடிவிடுகிறார்கள்.

காலை 11:05
பிரவீன்: திருகு கீழே விழுந்துவிட்டது. அரிசி அளவுதான் இருக்கிறது. கேபினட்டுக்குள் எங்கேயோ ஒளிந்துவிட்டது.

காலை 11:06
அம்மா: என் தையல் மெஷின் டிராயரில் ஊசி பொறுக்கும் காந்தம் இருக்கிறது, எடுத்துக்கொள்.

காலை 11:07
பிரவீன்: கம்ப்யூட்டருக்குக் காந்தம் ஆகாதே அம்மா?

காலை 11:09
குமார் சித்தப்பா: எஸ்எஸ்டிக்கு அது ஒன்றும் செய்யாது. ஹார்ட் டிஸ்க் பக்கம் மட்டும் கொண்டு போகாதே. அதைவிட, ஸ்க்ரூடிரைவர் முனையைக் காந்தத்தில் நாலு தடவை தேய். அதிலேயே திருகு ஒட்டிக்கொண்டு வரும்.

காலை 11:21
பிரவீன்: வந்துவிட்டது! அம்மா வாழ்க. மேல் ஸ்லாட் கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் கீழ் ஸ்லாட்டிலேயே போட்டுவிட்டேன். ஆன் செய்கிறேன்.

காலை 11:26
பிரவீன்: சித்தப்பா

காலை 11:26
பிரவீன்: டி டிரைவைக் காணோம்!!

காலை 11:27
அம்மா: டி டிரைவ் என்றால் எது? திவ்யா கல்யாண வீடியோ இருப்பதா?

காலை 11:28
திவ்யா அக்கா: என்னது???

காலை 11:28
பிரவீன்: நான் எதையும் அழிக்கவில்லை. சத்தியமாக. சி மட்டும் தெரிகிறது. புதியதும் தெரியவில்லை.

காலை 11:29
வேளச்சேரி அத்தை: வளைகாப்பு போட்டோவும் அதில்தானே இருக்கிறது அண்ணி? அன்று நான் கட்டியிருந்த பச்சைப் பட்டு வேறு எந்தப் போட்டோவிலும் இல்லை.

காலை 11:31
அம்மா: எனக்குக் கை கால் ஓடவில்லை. அந்த வீடியோக்காரர் கடையைக் காலி செய்து இரண்டு வருஷம் ஆகிறது.

காலை 11:34
குமார் சித்தப்பா: யாரும் பதற வேண்டாம். பிரவீன், கணினியை அணை. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வரும் சாட்டா கேபிள் போர்டில் எந்த எண்ணில் செருகியிருக்கிறது என்று பார்த்துச் சொல்.

காலை 11:40
பிரவீன்: சாட்டா 5.

காலை 11:42
குமார் சித்தப்பா: நினைத்தேன். சில போர்டுகளில் அந்தக் கீழ் எம்.2 ஸ்லாட்டும் கடைசி இரண்டு சாட்டா போர்ட்டும் ஒரே பாதையைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஸ்லாட்டில் ஆள் வந்ததும் 5, 6 இரண்டும் செத்துவிடும். போர்டின் மேனுவலில் ஒரு மூலையில் பொடி எழுத்தில் போட்டிருப்பான், நாம் யாரும் படிப்பதில்லை. கேபிளைப் பிடுங்கி 2-இல் செருகு. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

காலை 11:51
பிரவீன்: வந்துவிட்டது!!! கல்யாண ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். எல்லாம் இருக்கிறது.

காலை 11:52
அம்மா: முருகா.

காலை 11:52
திவ்யா அக்கா: நாதஸ்வரம் வரும் இடத்தை ஓட்டிப் பார்த்துச் சொல்.

காலை 11:53
பிரவீன்: ஓடுகிறது அக்கா. அத்தையின் பச்சைப் பட்டும் பத்திரம்.

காலை 11:58
பிரவீன்: ஆனால் புது டிரைவை இன்னும் காணோம் சித்தப்பா.

பகல் 12:03
குமார் சித்தப்பா: இது சாதாரண விஷயம். புதிய டிஸ்க் வெறும் மனை மாதிரி, பட்டா போட வேண்டும். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக், டிஸ்க் மேனேஜ்மென்ட். இனிஷியலைஸ் என்று கேட்கும். ஜிபிடி என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடு. அதற்குமேல் எதையும் தொடாமல் போட்டோ எடுத்து அனுப்பு.

பகல் 12:07
பிரவீன்: 📷 படம்

பகல் 12:07
பிரவீன்: 931 என்று காட்டுவதுதானே புதியது? ஃபார்மேட் கொடுக்கட்டுமா?

பகல் 12:07
குமார் சித்தப்பா: நில்!!

பகல் 12:08
குமார் சித்தப்பா: பழைய ஹார்ட் டிஸ்க்கும் 1 டிபிதான். அதுவும் 931 என்றுதான் காட்டும். படத்தைப் பார், இரண்டு 931 இருக்கிறது. மேலே நீலப் பட்டை உள்ளது கல்யாணம். கீழே கறுப்புப் பட்டையில் அன்அலகேட்டட் என்று எழுதியிருப்பதுதான் புதியது. அதன் மேல் மட்டும் வலது கிளிக், நியூ சிம்பிள் வால்யூம், என்டிஎஃப்எஸ். எழுத்து ஜி என்று வை.

பகல் 12:10
அம்மா: குமார், நீ நேரில் வந்துவிடேன். மத்தியானம் வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும்தான்.

பகல் 12:11
குமார் சித்தப்பா: வரலாம்தான் அண்ணி, வண்டி சர்வீசில் இருக்கிறது. அப்பளத்துக்காகப் பஸ் ஏற யோசிக்கிறேன்.

பகல் 12:14
பிரவீன்: ஜி வந்துவிட்டது.

பகல் 12:15
பெரியப்பா: 1000 ஜிபி என்று விற்றுவிட்டு 931 காட்டினால் மீதி 69 எங்கே? எடை போடும்போது தட்டில் கை வைத்துவிட்டார்களா?

பகல் 12:20
திவ்யா அக்கா: கை வைக்கவில்லை பெரியப்பா. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது. விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. சரக்கு அதேதான், படிதான் வேறு. பிரவீனுடைய 240-உம் 223 என்றுதான் தெரியும்.

பகல் 12:22
பெரியப்பா: பெரிய படி, சின்னப் படி. புரிந்தது.

பகல் 12:25
குமார் சித்தப்பா: இப்போது ஸ்டீமைத் திற. செட்டிங்ஸ், அதில் ஸ்டோரேஜ். மேலே டிரைவ் பெயர் இருக்கும், அதை அமுக்கி ஜி டிரைவைச் சேர். மறுபடி டி டிரைவுக்கு வந்து, சைபர்பங்க் பக்கத்தில் டிக் அடித்து, மூவ். எங்கே என்று கேட்டால் ஜி. அவ்வளவுதான்.

பகல் 12:27
பிரவீன்: சேவ் எல்லாம் போய்விடாதே? 70 மணி நேரம் விளையாடியிருக்கிறேன்.

பகல் 12:27
அம்மா: எத்தனை மணி நேரம்?

பகல் 12:28
பிரவீன்: 7 அம்மா. கை தவறிவிட்டது.

பகல் 12:30
குமார் சித்தப்பா: 😄 இந்தக் கேமின் சேவ் சி டிரைவில், உன் பெயர் ஃபோல்டருக்குள் சேவ்டு கேம்ஸ் என்ற இடத்தில் இருக்கிறது. கேம் இடம் மாறினாலும் அது நகராது. எல்லா கேமும் இப்படி இல்லை, சில கேம் தன் ஃபோல்டருக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அதனால் ஒரு காப்பி எடுத்து வைப்பது நல்லது.

பகல் 12:33
பிரவீன்: அழித்துவிட்டுப் புதிதாகவே இறக்கிக்கொண்டால் என்ன? சுத்தமாக இருக்குமே?

பகல் 12:37
குமார் சித்தப்பா: உங்கள் வீட்டு லைன் 100 எம்பிபிஎஸ். அதாவது விநாடிக்கு 12.5 எம்பி. 84 ஜிபிக்கு கிட்டத்தட்ட 2 மணி நேரம், அதுவும் வேறு யாரும் தொடாவிட்டால். அண்ணி சீரியல் பார்த்தால் இன்னும் இழுக்கும். மூவ் கொடுத்தால் பழைய டிஸ்க் எவ்வளவு வேகமாகப் படிக்கிறதோ அவ்வளவு வேகம். 20 நிமிடம் வை.

பகல் 12:39
பெரியப்பா: நடுவில் கரண்ட் போனால்?

பகல் 12:41
குமார் சித்தப்பா: யுபிஎஸ் இருக்கிறது அண்ணா. அப்படியே போனாலும், கேமின் ப்ராப்பர்ட்டீஸில் ஃபைலைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. கெட்டுப்போனதை, விட்டுப்போனதை மட்டும் இறக்கிக்கொள்ளும்.

பகல் 1:04
பிரவீன்: 19 நிமிடத்தில் முடிந்தது! சாப்பிட்டுவிட்டுப் பார்க்கிறேன்.

பகல் 1:05
அம்மா: அதிசயம்.

பகல் 1:48
பிரவீன்: போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். காலையில் 1 நிமிடம் 12 விநாடி. இப்போது 14 விநாடி! ரோடும் கட்டடமும் ஒன்றாக வருகிறது. ஆனால் சித்தப்பா, எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை படம் வருகிறது என்பது) அதே 48-தான். ஏறவே இல்லை.

பகல் 1:55
குமார் சித்தப்பா: ஏறாது. படம் வரைவது கிராஃபிக்ஸ் கார்டு வேலை. எஸ்எஸ்டி சரக்கைச் சீக்கிரம் கொண்டு வந்து இறக்கும், சமையல் செய்யாது. நடுவில் திக்கித் திக்கி நின்றது குறைந்திருக்கும், பார்.

பகல் 1:57
பிரவீன்: ஆமாம், அது குறைந்திருக்கிறது. அடுத்தது ஜிடிஏ கேமை மாற்றுகிறேன். ஆன்லைனுக்குள் போக அதுவும் இழுக்கும்.

பகல் 2:06
திவ்யா அக்கா: அதில் எல்லாப் பழியையும் டிஸ்க் மேல் போடாதே. ஜிடிஏ ஆன்லைன் திறக்க எஸ்எஸ்டி வைத்திருந்தவர்களுக்கே முன்பு பல நிமிடம் ஆயிற்று. 2021-இல் ஒரு பிளேயர் தானே உள்ளே தோண்டிப் பார்த்தார். கேம் தொடங்கும்போது 63,000 சாமான் கொண்ட ஒரு பட்டியலைப் படிக்கிறது. ஒவ்வொரு சாமான் வரும்போதும், இது முன்பே வந்ததா என்று ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே போகிறது. தாமதம் அங்கே. அவர் திருத்திக் காட்டியதும் லோடிங் நேரம் 70 சதவீதம் குறைந்தது. கேம் கம்பெனியான ராக்ஸ்டார் ஒப்புக்கொண்டு அப்டேட் விட்டு, அவருக்கு 10,000 டாலர் கொடுத்தது.

பகல் 2:08
பெரியப்பா: ஒருவர் கல்யாண மொய் நோட்டு எழுதும்போது ஒவ்வொரு பெயருக்கும் முதல் பக்கத்திலிருந்து புரட்டினால் எப்படி இருக்கும்!

பகல் 2:09
திவ்யா அக்கா: அதேதான். என் ஆபீஸிலும் இப்படிப் புரோகிராம் எழுதுபவர்கள் இருக்கிறார்கள், பெயர் வேண்டாம்.

பகல் 2:20
அம்மா: குமார், இனி அந்தப் பழைய டிஸ்க் வேண்டாம்தானே? காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா?

பகல் 2:21
திவ்யா அக்கா: அம்மா!!!

பகல் 2:24
குமார் சித்தப்பா: ஐயோ அண்ணி, உங்கள் மகள் கல்யாணமே அதில்தான் இருக்கிறது. கேம் போனால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம், போட்டோ போனால் போனதுதான். அந்த டிஸ்க்குக்கு ஆறு வயது, எந்த நாளும் மூச்சை விடலாம். பிரவீன், வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் முழுசாக ஒரு காப்பி எடு. எடுத்ததைத் திவ்யா வீட்டில் கொடுத்து வை.

பகல் 2:26
பிரவீன்: புது எஸ்எஸ்டியிலேயே போட்டுவிடட்டுமா? இன்னும் 840 ஜிபி காலி.

பகல் 2:29
குமார் சித்தப்பா: கூடுதலாக ஒரு காப்பி என்றால் சரி. ஆனால் எஸ்எஸ்டியைக் கழற்றி பீரோவில் வைத்து வருஷக்கணக்கில் மறந்துவிடக் கூடாது. கரண்ட் இல்லாமல் கிடந்தால் உள்ளே இருக்கும் மின்னூட்டம் மெல்லக் கசியும். பீரோவுக்கு ஹார்ட் டிஸ்க்தான் தோது. அப்புறம் யாராவது டிஃப்ராக் செய் என்று சொன்னால் எஸ்எஸ்டிக்குச் செய்யாதே. அங்கே கை நகரவே இல்லை, அடுக்கி வைத்து என்ன பயன்?

மாலை 4:15
வேளச்சேரி அத்தை: குமார், எங்கள் வீட்டு லேப்டாப் ஸ்விட்ச் போட்டால் குக்கர் மூன்று விசில் வந்தபிறகுதான் திறக்கிறது. அதற்கும் இதைப் போடலாமா?

மாலை 4:22
குமார் சித்தப்பா: போடலாம் அக்கா. உன்னுடையது பழையது, இந்தச் சின்ன ஸ்லாட் இருக்காது. இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி போட வேண்டும். விநாடிக்கு 550 எம்பி பக்கம்தான் வரும், பிரவீனுடையதைவிடக் குறைவு. ஆனால் உனக்கு முதல் விசிலுக்குள் திறந்துவிடும். அடுத்த சனிக்கிழமை வருகிறேன்.

மாலை 4:23
வேளச்சேரி அத்தை: வா வா. வத்தக்குழம்பு வைக்க மாட்டேன், கோலா உருண்டை.

மாலை 6:10
அம்மா: பிரவீன், தண்ணீர் கேன் வாசலில் வந்து நிற்கிறது.

மாலை 6:31
அம்மா: பிரவீன்

மாலை 6:34
பெரியப்பா: 14 விநாடியில் 20 லிட்டர் கேனைத் தூக்கி வைக்க முடியாதும்மா. நான் வருகிறேன், கதவைத் திற.

மாலை 6:35
பிரவீன்: ஐயோ பெரியப்பா, வேண்டாம், நீங்கள் தூக்காதீர்கள்! இதோ எழுந்துவிட்டேன்.