வகுப்பு விவாதத்தில் எதிர் அணி, இரண்டாவது பேச்சாளர்: எப்படித் தயாராவது?

காத்ருபோர்ன்_மாணவி கேட்டது:

வணக்கம். கிரேட் 11 படிக்கிறேன். அடுத்த வாரம் தமிழ் வகுப்பில் அணிக்கு மூன்று பேராக விவாதம். தலைப்பு: "மொரீசியசில் பஸ், மெட்ரோ பயணத்தை எல்லாருக்கும் இலவசமாக்க வேண்டும்." சீட்டுக் குலுக்கியதில் நாங்கள் எதிர் அணி, நான் இரண்டாவது பேச்சாளர். ஆளுக்கு நான்கு நிமிடம். கடைசியில் ஒவ்வொரு அணிக்கும் தொகுப்புரை இரண்டு நிமிடம்.

இலவசம் நல்லது என்றுதான் எனக்கே தோன்றுகிறது. நானே தினமும் காசு கொடுக்காமல்தான் பள்ளிக்குப் போகிறேன். அப்புறம், நாங்கள் மூன்று பேரும் தனித்தனியாக எழுதி வந்து பார்த்தால், மூன்று தாளிலும் "அரசுக்குச் செலவாகும்" என்பதைத் தவிர ஒன்றுமில்லை. மறுப்புரைதான் பெரிய பயம். அவர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியாமல் எதைத் தயார் செய்வது? வீட்டில் பேசுவது கிரியோல். பதற்றம் வந்தால் தமிழ் ஓடிவிடுகிறது.

ரோஸ்ஹில்_அக்கா:

தங்கச்சி, பள்ளி அணிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தனித்தனியாக எழுதியதை முதலில் ஓரமாக வையுங்கள். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து தலைப்பை ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். இதில் முக்கியமான சொல் "எல்லாருக்கும்". மாணவர்களுக்கும் 60 வயது தாண்டியவர்களுக்கும் 2005 முதலே இலவசம். அப்படியென்றால் இந்தத் தலைப்பு புதிதாகச் சேர்க்கச் சொல்வது யாரை? பெரும்பாலும் வேலைக்குப் போகிற வயதுக்காரர்களை. விவாதம் முழுக்க அவர்களைப் பற்றித்தான். உங்களுக்குக் கிடைக்கும் இலவசத்தை நீங்கள் எதிர்க்க வேண்டியதே இல்லை. இதை முதல் பேச்சாளர் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டால், எதிரே இருப்பவர்கள் பாட்டி, தாத்தா கதை சொல்லி நேரம் கடத்த முடியாது.

அடுத்து, மூன்று பேருக்கும் பொதுவாக ஒரே ஒரு வாக்கியம் வேண்டும். நான் என்றால் இப்படி வைப்பேன்: "மக்களைத் தடுப்பது கட்டணம் இல்லை, பஸ் இல்லாததுதான், பணம் முதலில் அங்கே போகட்டும்." சுயாக்கிலோ மாஹேபூரிலோ மெட்ரோ தண்டவாளமே இல்லை. கிராமத்துப் பக்கம் இருட்டினால் பஸ் கிடைப்பதே அரிது. வராத பஸ்ஸில் இலவசமாகப் போக முடியாதே! செலவைப் பற்றி நீங்கள் எழுதியதெல்லாம் இந்த வாக்கியத்துக்குள் வந்துவிடும்.

உங்கள் நான்கு நிமிடத்துக்கு ஒரு வலுவான விஷயம் தருகிறேன். 2019-ஆம் ஆண்டுத் தொழிலாளர் உரிமைச் சட்டப்படி, வீடு 3 கிலோமீட்டருக்கு மேல் தூரம் என்றால் தொழிலாளியின் பஸ் கட்டணத்தை முதலாளி திருப்பித் தர வேண்டும். பயணத்தை இலவசமாக்கினால் மிச்சமாவது யார் பணம்? பெரும்பகுதி முதலாளியின் பணம். இதை நிதானமாக, படிப்படியாகச் சொல்லுங்கள். வகுப்பில் பலருக்கு இந்தச் சட்டம் தெரிந்திருக்காது, விளங்க நேரம் கொடுங்கள்.

மறுப்புரைக்கு வருவோம். ஒரு நாள் மாலை நீங்கள் மூவரும் ஆதரவு அணியாக மாறி, அவர்கள் பேச்சை நீங்களே எழுதுங்கள். நன்றாக, ஜெயிக்கிற மாதிரி எழுத வேண்டும். லக்சம்பர்க் 2020-இல் நாடு முழுவதும் இலவசமாக்கியது என்று கண்டிப்பாகச் சொல்வார்கள். பதிலுக்கு எஸ்டோனியாவின் தாலினைச் சொல்லுங்கள். 2013-இல் அங்கே குடியிருப்பவர்களுக்கு இலவசமாக்கினார்கள். பஸ்ஸில் ஏறுபவர்கள் கூடினார்கள்தான். ஆனால் அங்கே நடந்த ஆய்வில், கார் பயணம் குறைந்ததைவிட நடந்து போவது அதிகம் குறைந்திருந்தது. நெரிசல் தீரும் என்ற வாதத்துக்கு இதுதான் பதில்.

அவர்கள் பேசும்போது உங்கள் தாளைப் பார்க்கவே கூடாது. ஒரு வெற்றுத் தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் அவர்கள் சொன்னதைச் சுருக்கமாக எழுதுங்கள், வலப்பக்கம் உங்கள் பதில். வலப்பக்கம் காலியாக இருந்தால் மூன்றாவது பேச்சாளரிடம் தள்ளிவிடுங்கள், அவருக்கு வேலையே பதில் சொல்வதுதான்.

மாஹேபூர்_தம்பி:

அக்கா, முதலாளி வாதத்தில் ஓட்டை இருக்கிறது. எங்கள் அம்மா சந்தையில் காய்கறி விற்கிறார். அவருக்கு யார் திருப்பித் தருவார்கள்? நான் ஆதரவு அணி என்றால் எழுந்ததும் இதைத்தான் கேட்பேன்.

ரோஸ்ஹில்_அக்கா:

சரியாகப் பிடித்தீர்கள் தம்பி. தங்கச்சி, இந்தக் கேள்வி வந்தால் மழுப்ப வேண்டாம். "ஆம், சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு அந்தச் சட்டம் உதவாது" என்று ஒப்புக்கொண்டு, "அவர்களுக்குத் தனியாக ஒரு பாஸ் கொடுக்கலாம், அதற்காக வங்கி மேலாளருக்கும் இலவசம் எதற்கு?" என்று கேளுங்கள். உண்மையை ஒப்புக்கொள்கிற அணியை நடுவர் நம்புவார்.

ஓய்வுபெற்ற_தமிழாசிரியர்:

பிள்ளைகள் பட்டிமன்றத்தை யூடியூபில் பார்த்துவிட்டு வந்து கைதட்டலுக்காகப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். பட்டிமன்றம் எனக்கும் மிகப் பிடிக்கும், ஆனால் வகுப்பு விவாதத்தில் நடுவர் பார்ப்பது எதிரணிக்குப் பதில் சொன்னீர்களா என்பதைத்தான். திருக்குறள் சொல்லியே ஆக வேண்டும் என்றும் இல்லை.

தமிழ் ஓடிவிடும் என்ற பயத்துக்கு ஒரு வழி: நான்கு வாக்கியத் தொடக்கங்களை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். "எதிரணி நண்பர் சொன்னது இது." "அதை நாங்கள் ஏற்கவில்லை, ஏனென்றால்..." "ஒரு பேச்சுக்கு அது சரி என்றே வைத்துக்கொண்டாலும்..." "ஆகவே அவர்கள் வாதம் நிற்காது." நடுவில் வருவது எளிய தமிழாக இருந்தால் போதும். முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்தால் ஒரு வரி மறந்தாலே எல்லாம் நின்றுவிடும்.

தொகுப்புரையை யார் பேசுவது என்று இப்போதே ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உலகப் பள்ளிகள் விவாதப் போட்டியில் அதை முதல் அல்லது இரண்டாவது பேச்சாளர்தான் தர வேண்டும், எதிர் அணிதான் முதலில் தரும். அதே முறை என்றால் உங்கள் தலையிலும் விழலாம்.

காத்ருபோர்ன்_மாணவி:

எல்லாருக்கும் மிக்க நன்றி. ஐயா, கேட்டுவிட்டேன், தொகுப்புரை நான்தான். மறுப்புரை ஒன்று எழுதிப் பார்த்தேன்: "எதிரணி நண்பர் லக்சம்பர்க்கைச் சொன்னார். அது பணக்கார நாடு. ஆகவே அவர்கள் வாதம் நிற்காது." சரியா?

ரோஸ்ஹில்_அக்கா:

பாதி சரி. பணக்கார நாடு என்பதால் என்ன ஆகிறது என்று சொல்லவில்லையே. "அங்கே நல்ல பஸ், ரயில் சேவை ஏற்கெனவே இருந்தது, அதற்கு மேல்தான் இலவசத்தைக் கொண்டுவந்தார்கள், நமக்கு இன்னும் முதல் படியே முடியவில்லை" என்று ஒரு வரி சேருங்கள். அது உங்கள் பொது வாக்கியத்துக்கே திரும்பி வருகிறது பாருங்கள். நாளை மற்ற இருவரையும் கூட்டி வைத்து, கடிகாரம் பார்த்து ஒரு முறை பேசிப் பாருங்கள்.