கோத்தகிரியில் பூட்டிய 55 சிசி எக்ஸ்ட்ரா

மலையில் உட்கார்ந்து ரிமோட்டில் பறக்கும் பெரிய பெட்ரோல் விமான மாடல் பூட்டுகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே டியூன் செய்த இன்ஜினை அப்படியே கீழே கொண்டுபோய்ப் பறக்கவிடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

என்னுடையது எக்ஸ்ட்ரா 300 என்ற சாகச விமானத்தின் மாடல். இறக்கை நுனிக்கு நுனி சுமார் 2.2 மீட்டர், இன்ஜின் டிஎல்இ 55. முக்கால்வாசி தயாராக வரும் ஏ.ஆர்.எஃப். கிட்தான்; பால்சா என்ற லேசான மரத்தில் உடம்பு, மேலே ஃபிலிம் எல்லாம் ஒட்டியே வருகிறது. கீல், சர்வோ (இறக்கை, வால் பலகைகளை அசைக்கும் குட்டி மோட்டார்), டேங்க், இக்னிஷன், இன்ஜின் மட்டும் நம் பாடு. ரெண்டு ஞாயிற்றுக்கிழமை வேலைதானே என்பவர்கள் டிசம்பரில் இங்கே வந்து எபாக்ஸி கலக்கிப் பார்க்கட்டும். டப்பாவில் முப்பது நிமிடம் என்று போட்டிருப்பது நம் ஊர்க் குளிருக்குப் பொருந்தாது. ராத்திரி ஒட்டிய எலிவேட்டர் (வாலில் மேலும் கீழும் அசையும் பலகை) கீலில் காலையில் நகம் வைத்தால் பதிகிறது. பெரிய அட்டைப்பெட்டியில் குண்டு பல்பைத் தொங்கவிட்டு, ஒட்டிய பாகத்தை உள்ளே வைத்து மூடினேன். அதன் பிறகுதான் பசை கல்லாக இறுகியது. பல்பு ஃபிலிமுக்கு நெருக்கமாக இருக்கக்கூடாது, அது மட்டும் கவனம்.

இறக்கைக் குழாய், வாலில் இடம் வலம் திரும்பும் ரடருக்கு எஃகுக் கம்பி இழுப்பது, சர்வோ பொருத்துவது எல்லாம் கையேட்டில் உள்ளபடிதான், புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஃபயர்வாலில், அதாவது மூக்குப் பலகையில், இன்ஜினைப் பிடிக்கும் போல்ட்டுகளுக்கு லோக்டைட் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) போடாமல் விடாதீர்கள். ஒற்றை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக்கின் அதிர்வுக்கு எந்த மரையும் தானாகக் கழன்றுவிடும்.

கார்புரேட்டர் கதைக்கு வருகிறேன். இதில் இருப்பது வால்ப்ரோ வகை டயாஃபிராம் கார்புரேட்டர், உள்ளே மெல்லிய சவ்வு அசைந்து பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும். மரம் அறுக்கும் மெஷினிலும் இதே வகைதான். எங்கள் ஊரில் தேயிலைத் தோட்டத்து மெஷின்களைப் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். இன்ஜினை மேசையில் வைத்ததும் விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கார்புரேட்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம கவாத்து மெஷின்ல இருக்கறதுதானே தம்பி இது, ஆயில் எவ்வளவு ஊத்தறீங்க?" என்றார். லிட்டருக்கு 33 மில்லி, அதாவது 30:1 என்றேன். புது இன்ஜினுக்கு அது போதும் என்று தலையாட்டினார். எத்தனால் கலந்த பெட்ரோலில் டயாஃபிராம் சீக்கிரம் விறைத்துப்போகிறது, வேலை முடிந்தால் டேங்கைக் காலி செய்துவிட்டு இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள் என்பது அவர் சொன்ன அடுத்த விஷயம்.

கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். கடல்மட்டத்தைவிடக் காற்றின் அடர்த்தி இங்கே ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை, அதனால் கலவை ரிச்சாகிவிடும், அதாவது பெட்ரோல் மிஞ்சிவிடும். புகை, உளறல், த்ராட்டில் கொடுத்தால் திணறல். அண்ணன் வாலைக் கம்பத்தில் கட்டச் சொல்லிவிட்டு, ஹை ஊசியை (முழு வேகத்தில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு) ஒரு நூல், இன்னொரு நூல் என்று உள்ளே திருகினார். உச்சத்துக்குப் போய் சத்தம் மெலிந்ததும் கொஞ்சம் வெளியே விட்டார். அப்புறம் நாங்கள் இருவரும் முழு த்ராட்டிலில் மூக்கை வானம் பார்க்கத் தூக்கிப் பிடித்தோம். சத்தம் தொய்யவில்லை. "இது இந்த ஊருக்கு" என்று சொல்லி, திருகின் பிளவு நிற்கும் இடத்தில் வெள்ளைப் பெயிண்ட்டால் ஒரு புள்ளி வைத்தார்.

அந்தப் புள்ளியோடு மேட்டுப்பாளையம் இறங்கினால் என்ன ஆகும்? அங்கே உயரம் முந்நூறு மீட்டர் சொச்சம், காற்று கனம். அதே ஊசிக்குக் கலவை லீன் ஆகிவிடும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் பற்றாது, ஆயிலும் குறைவாகத்தான் போகும், தலை கொதிக்கும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கீழே இறங்கியதும் முதல் வேலையாக ஊசியைத் தாராளமாக வெளியே திறந்துவிட்டு, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தேன். நின்ற இடத்தில் மஞ்சள் புள்ளி. இரண்டு புள்ளிக்கும் இடைவெளி பார்வைக்கு ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கிறது, இன்ஜினுக்கு அது பெரிய தூரம்.

*

கொடைக்கானலிலிருந்து ஒரு பதில்:

அண்ணே, ஊசி விஷயம் நூற்றுக்கு நூறு. எங்கள் ஊர் 2,100 மீட்டருக்கு மேல், காற்று இன்னும் மெலிவு. ஊசியைச் சரிசெய்தாலும் போன பலம் திரும்பி வராது. அதற்கு நான் செய்தது புரொப்பெல்லரை மாற்றியதுதான். 22x8 (அங்குலத்தில் விட்டமும் பிட்ச்சும்) போடும் இன்ஜினுக்கு இங்கே 23x8 போட்டால் தோதாகச் சுற்றுகிறது. ஆனால் இறங்கும்போது ஏமாந்துவிடாதீர்கள். விமானத்தைத் தாங்க இறக்கைக்கு வேண்டிய வேகம் இங்கே பத்தில் ஒரு பங்கு கூடுதல். கண்ணுக்கு வேகமாக வருவது போலத் தெரியும், குறைத்தால் பொத்தென்று விழும். அதனால் எடையில் கஞ்சத்தனம் காட்டுங்கள். மூக்கில் ஈயம் வைப்பதற்குப் பதில் பேட்டரிகளை முன்னே தள்ளியே சமநிலையைக் கொண்டுவந்துவிட்டேன். கீழே வத்தலக்குண்டு வெயிலுக்குக் கொண்டுபோனால் இறக்கை ஃபிலிம் தளர்ந்து வரி விழும், கையோடு ஒரு சின்ன இஸ்திரிப்பெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

*

குன்னூரிலிருந்து:

பூட்டுவதெல்லாம் சரி, பறக்கவிட எங்கே இடம்? எங்கள் பக்கம் வெலிங்டன் ராணுவப் பகுதி, அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை. ஊரிலே இன்ஜினை முடுக்கவே யோசிக்கிறேன். 2021 ட்ரோன் விதிகள் நம் மாடல்களுக்கும் உண்டு. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில், முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலமா என்று பார்க்காமல் கிளம்பாதீர்கள். கீழே போனாலும் கோவை விமான நிலையத்தைச் சுற்றி எட்டு கிலோமீட்டருக்குள் பச்சை கிடையாது. அப்புறம், என் பழைய நைட்ரோ மாடலின் (மெத்தனால் எரிபொருளில் ஓடுவது) டேங்க்கும் டியூபும் இருக்கிறது. இந்தப் பெட்ரோல் இன்ஜினுக்குப் போடலாமா?

*

கோத்தகிரி மறுபடியும்:

டியூபைப் போடாதீர்கள். நைட்ரோ மாடலில் இருப்பது சிலிகான், பெட்ரோலில் ஊறி உப்பி நழுவிவிடும். டைகான் மாதிரி பெட்ரோல் தாங்கும் டியூப் தனியாக வாங்குங்கள். டேங்க் பிளாஸ்டிக்காக இருந்தால் பரவாயில்லை, ஆனால் அதன் ரப்பர் அடைப்பானை பெட்ரோலுக்கான அடைப்பானாக மாற்ற வேண்டும். காற்றுக்குழாயை டேங்க் மேலே ஒரு சுற்றுச் சுற்றி விடுங்கள், இல்லாவிட்டால் தலைகீழாகப் போகும்போது பெட்ரோல் வெளியே வழியும்.

இடம் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான். நான் இங்கே பறக்கவிடுவதே இல்லை. தேயிலைச் சரிவில் இறங்க ஒரு சமதளம் கிடையாது, காற்றும் மேட்டைத் தாண்டி வந்து சுழன்று அடிக்கிறது. இங்கே இன்ஜின் ஓட்டிப் பார்ப்பதோடு சரி. அதுவும் காலை பத்து மணிக்கு மேல், காட்டெருமை பக்கத்தில் மேயவில்லை என்று பார்த்துக்கொண்டு, இன்னொரு ஆள் கூட இருந்தால்தான். புரொப்பெல்லரைக் கையால் சுழற்றி இன்ஜினைக் கிளப்புகிற வேலை, தனியாகச் செய்வது வேண்டாம். இக்னிஷனை ரிசீவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி வையுங்கள், தூரத்திலிருந்தே அணைக்கும் கில் ஸ்விட்சும் கட்டாயம்.