மாவுச்சத்தைக் குறைத்த முதல் வாரத்தில் இறங்கும் எடை கொழுப்பா, நீரா?

கேள்வி:
மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்து எட்டு நாள்கள் ஆகின்றன. எடை 2.5 கிலோ இறங்கியிருக்கிறது. இறுக்கமாக இருந்த மோதிரம் விரலில் தானாகச் சுழல்கிறது; மாலையில் கணுக்காலில் பதியும் காலுறைத் தடத்தையும் காணவில்லை. ஆனால் எழுந்து நிற்கையில் தலை சுற்றுகிறது. குறைந்தது கொழுப்புதானா?

மறுமொழி 1:
பெரும்பகுதி நீர்தான். கல்லீரலிலும் தசைகளிலும் ஏறத்தாழ 500 கிராம் கிளைக்கோஜன் (உடல் மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கும் வடிவம்) சேமிப்பில் இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருப்பதால், சேமிப்பு கரையும்போது அந்த நீரும் வெளியேறிவிடுகிறது. மாவுச்சத்து குறைந்து இன்சுலின் தாழ்வதால் சிறுநீரகங்கள் உப்பிலுள்ள சோடியத்தையும் கூடுதலாக வெளியேற்றுகின்றன. உப்பின் பின்னாலேயே நீரும் போகிறது. உங்கள் தலைசுற்றலுக்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

மறுமொழி 2:
இரத்த அழுத்தத்துக்கோ நீரிழிவுக்கோ மருந்து உட்கொள்பவரானால், தயவுசெய்து இன்றே மருத்துவரிடம் பேசுங்கள். பழைய அளவு இப்போது மிகையாகிவிடலாம். இதய, சிறுநீரக நோய்கள் இல்லாதவர் உணவில் உப்பை அறவே ஒதுக்க வேண்டியதில்லை.

கேட்டவர்:
மருந்து எதுவும் இல்லை. நேற்று ஒருநாள் பழையபடி சாப்பிட்டேன். இன்று 1 கிலோ கூடியிருக்கிறது.

மறுமொழி 1:
கவலைப்படாதீர்கள், நீர்தான் திரும்பியிருக்கிறது. 1 கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், தேவைக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி உண்டிருக்க வேண்டும். இடுப்புச் சுற்றளவையும் வாரம் ஒருமுறை அளந்து குறித்து வையுங்கள்.