வீட் பீர் (கோதுமை பீர்) காச்சுன அனுபவம் இருந்தா சொல்லுங்க

பொள்ளாச்சிக்காரன்:
டெக்ஸாஸ்ல மூட்டை கட்டி ஊருக்கே வந்தப்ப பீர் காச்சறதுக்கு வாங்குன ஒரு வீட் மால்ட் பவுடர் (மொளை கட்டுன கோதுமைல எடுக்கறது) பாக்கெட்டும் பெட்டியோட வந்துருச்சுங்க. இங்க வீட்ல காச்ச அனுமதி கெடையாது, அட்டாலில போட்டாச்சு. நோம்பிக்கு ஒறம்பரை வந்தப்ப என்ற அம்மா அதப் பிரிச்சு, ஈரம் பட்டு கல்கோனா மாதிரி இறுகிக் கெடந்தத அரிவாமனைல தட்டி ஒடச்சு, பால்ல கலக்கி எல்லாத்துக்கும் குடுத்துட்டாங்க. நான் உள்ள வர்றப்ப பெரியத்தை டம்ளர் அடில இருந்தத வெரல்ல வழிச்சுட்டு இருக்காங்க. "ஏங்கண்ணு, இந்த ஹார்லிக்ஸ் எங்க வாங்குன?" ஈஸ்ட் போடாத வெறும் பவுடர், போதையெல்லாம் ஒண்ணுமில்ல, ஆனா கள்ளுன்னு பேச்செடுத்தாலே எந்திரிச்சுப் போற மாமா ரெண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடிக்கறாரு, நான் என்னத்தச் சொல்ல. இன்னமும் அத்தை போன் பண்ணா அந்தப் பவுடர்தான் கேக்கறாங்க.

கோபி டு மெல்போர்ன்:
எங்கய்யன் இங்க வந்திருந்தாருங்க. வாசிங் மெசின் பக்கத்துல பக்கெட் குபுக் குபுக்னு கொதிச்சுட்டு இருந்துச்சு. நடுராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்துட்டு என்னை எழுப்பி, "சுண்ணாம்பு தடவுனியாடா?"ங்கறாரு. பதநீர்ப் பானைல சுண்ணாம்பு தடவாட்டி கள்ளாயிரும்ல, அந்தக் கணக்கு. மோந்து பாத்துட்டு பூவன்பழ வாசம்னாரு. பொறவு நின்ன எடத்துலயே, "நம்ம மரத்துல நாம எறக்குனா 1987ல இருந்து கேசு. நீ துணி தொவைக்கற எடத்துல காச்சற, ஒருத்தனும் கேக்கலியா?"ன்னாரு. எனக்குப் பதிலே வரல. கொத்துமல்லி வெதை போட்டிருந்ததால பீர் என்னமோ நல்லாத்தான் வந்துச்சு.

சென்னிமலை தறி:
மல்லி போட்டா அது ஹெஃபவைசன்ங்கற ஜெர்மன் கோதுமை பீரே இல்லீங்க. மல்லி, ஆரஞ்சுத் தோலெல்லாம் பெல்ஜியத்துக் கோதுமை பீரான விட்பியருக்கு. ஜெர்மனில பவேரியாவுல 1516 சட்டப்படி பீருக்கு பார்லி, ஹாப்ஸ் (கசப்புக்குப் போடற பூ), தண்ணி அவ்ளோதான், கோதுமைக்கே எடமில்ல, அப்பறம் அரச குடும்பமே கோதுமை பீர் உரிமைய கைல வெச்சுக்கிச்சு, அது வேற கதை. பூவன்பழ வாசம் ஈஸ்ட் குடுக்கறது, கிராம்பு வாசமும் அதேதான், 18ல இருந்து 20 டிகிரிக்குள்ள வெச்சாத்தான் அளவா வரும், சூடு ஏறுனா பழ வாசமும் ஏறிக்கும். 19 லிட்டருக்கு 2.7 கிலோ பவுடர் போதும், கொட்டறப்ப அடுப்ப அணைச்சுருங்க, இல்லாட்டி அடிபுடிக்கும், பொங்கி ஊத்தும். ஆவி படற எடத்துல பாக்கெட்டப் பிரிக்காதீங்க. மல்லி போட்டே ஆகோணும்னா லேசா இடிச்சு கொதி முடியற கடைசி 5 நிமிசத்துல போடுங்க. பாட்டில் ரொப்பறதுக்கு முன்னாடி ஹைட்ரோமீட்டர்ல (அடர்த்தி பாக்கற கருவி) எறக்கம் நின்னுதான்னு ரெண்டு மூணு நாள் பாருங்க, இல்லீன்னா வெடிக்கும்.

என்ற கதை சின்னதுதான். முனிச்ல ஜெர்மன்காரர் ஒருத்தர் எங்களுக்குப் பாட்டில உருட்டி உருட்டி அடி ஈஸ்ட்டோட ஊத்திக் குடுத்தாரு. ஈரோட்டு ரூம்மேட் மண்டின்னு சொல்லி சிங்க்ல கவுத்துட்டான். அவரு பாத்த பார்வை இருக்கே.

பொள்ளாச்சிக்காரன்:
அண்ணா, ரெசிபி யாருங்க கேட்டா?

கோபி டு மெல்போர்ன்:
மல்லி போட்டது எங்கய்யனுங்க. ரசத்துக்கு வாங்கி வெச்சிருந்தத எடுத்து அவரேதான் போட்டாரு. அவருகிட்ட 1516ன்னு சொல்லிப் பாருங்க.