இலவச 'லைட்' பதிப்பை வைத்து ஆர்கெஸ்ட்ரா லைப்ரரியைத் தேர்ந்தெடுக்க முடியுமா?

குறும்படஇசை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குறும்படங்களுக்கும் மேடை நாடகங்களுக்கும் பின்னணி இசை அமைத்து வருகிறேன். 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியும், 49 கட்டைகள் கொண்ட மிடி கீபோர்டும், ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளுமே என் கருவிகள். தந்தி வாத்தியங்களுக்காக, மெய்யான வாத்தியங்களின் பதிவு செய்த சுரங்களைக் கீபோர்டில் வாசிக்கத் தரும் சாம்பிள் லைப்ரரிகளில் இதுவரை ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா டிஸ்கவர், புராஜெக்ட் சாம் வழங்கும் ஃப்ரீ ஆர்கெஸ்ட்ரா, ஆர்கெஸ்ட்ரல் டூல்ஸ் வழங்கும் லேயர்ஸ் ஆகிய இலவசப் பதிப்புகளைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். இப்போது சிறிது பணம் சேர்ந்திருப்பதால் முழுமையான லைப்ரரி ஒன்றை வாங்கலாம் என்று எண்ணுகிறேன்.

என் ஐயம் இதுதான்: இலவசப் பதிப்பு எனக்குப் பிடித்திருந்தால் அதன் முழுப் பதிப்பும் பிடிக்கும் என்று நம்பலாமா? அல்லது இவை வெறும் விளம்பரத்துக்காகத் தரப்படுபவையா? பணம் போட்டு வாங்கிய பிறகு ஏமாற விரும்பவில்லை. மெல்லிசைச் சாயலில் வயலின் குழு வாசிப்பதும், இடையிடையே தனி வயலின் கமகத்தோடு நுழைவதும்தான் எனக்கு அதிகம் தேவைப்படுகின்றன.

தந்திக்கூடம் எழுதியது:

வணக்கம் நண்பரே. பிற மென்பொருள்களுக்குச் சோதனைக் காலம் என்று ஒன்று உண்டு. சாம்பிள் லைப்ரரிகளுக்குப் பெரும்பாலும் அது கிடையாது. பதிவிறக்கம் செய்த பிறகு பல நிறுவனங்கள் பணத்தைத் திருப்பித் தருவதில்லை, உரிமத்தை இன்னொருவருக்கு விற்கவும் விடுவதில்லை. ஆகவே இலவசப் பதிப்பு விளம்பரமாகவே இருந்தாலும், வாங்குவதற்கு முன் நம் கையில் வாசித்துப் பார்க்கக் கிடைக்கும் ஒரே பொருள் அதுதான். அதனிடம் எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

முதலாவது, அது பதிவு செய்யப்பட்ட கூடத்தின் ஒலி. பிபிசி தொகுப்பு லண்டனின் மைடா வேல் ஸ்டூடியோவில், ஒவ்வொரு வாத்தியக்காரரும் தமக்குரிய இருக்கையில் அமர்ந்து வாசிக்கப் பதிவானது; லேயர்ஸ் பெர்லினின் டெல்டெக்ஸ் கூடத்தில் பதிவானது. அந்தக் கூடத்தின் எதிரொலி சாம்பிளிலேயே பதிந்துவிட்டது என்பதால் பிறகு எந்த ரீவெர்பைப் (செயற்கை எதிரொலியைப்) போட்டாலும் அதை அகற்ற முடியாது. இந்த ஒலி உங்கள் வசனக் காட்சிகளுக்குப் பொருந்துகிறதா, அல்லது எல்லாமே எட்டத்தில் ஒலிப்பது போல் படுகிறதா என்பதை இலவசப் பதிப்பே ஏறக்குறையச் சொல்லிவிடும். மைக் அருகில் வைத்துப் பதிவு செய்ததும் தொலைவில் வைத்துப் பதிவு செய்ததும் தனித்தனியாக வேண்டுமென்றால் மட்டுமே முழுப் பதிப்பு தேவைப்படும். பிபிசி தொகுப்பு டிஸ்கவர், அதைவிடப் பெரிய கோர், எல்லாவற்றிலும் பெரிய புரொஃபஷனல் என்று மூன்று பதிப்புகளாக வருகிறது; அந்த வசதி புரொஃபஷனல் பதிப்பில்தான் உள்ளது. டிஸ்கவருக்கும் கோருக்கும் ஏற்கெனவே கலந்து வைத்த ஒரே மிக்ஸ்தான்.

இரண்டாவது, ஒலி எழும் வேகம். நீண்ட சுரங்களுக்கான வில் வீச்சில், கட்டையை அழுத்திய கணத்திலிருந்து ஒலி முழுமையாக எழுவதற்குச் சில பத்து மில்லிசெகண்டுகள் ஆகலாம். லைப்ரரிக்கு லைப்ரரி இது மாறும். சிலர் ஒவ்வொரு டிராக்கையும் அந்த அளவுக்கு முன்னே நகர்த்தி வைத்துச் சமாளிப்பார்கள். கீபோர்டில் நேரடியாக வாசித்தே பதிவு செய்யும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், இந்தத் தாமதம் விரல்களுக்கு ஒத்துவருகிறதா என்பதை எந்த யூடியூப் விளக்கமும் சொல்லாது. நீங்களே வாசித்துப் பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாவது, பிளேயர் மென்பொருள். ஸ்பிட்ஃபயருக்கு அதன் சொந்த பிளேயர், ஆர்கெஸ்ட்ரல் டூல்ஸுக்கு சைன், வியன்னா சிம்பொனிக் லைப்ரரிக்கு ஐலாக் என்ற உரிமச் சரிபார்ப்புக் கணக்கு கேட்கும் சிங்க்ரான் பிளேயர், மற்றும் பலவற்றுக்கு கான்டாக்ட் என்று ஒவ்வொன்றும் ஒரு விதம். உங்கள் கணினியில் இவை நின்று ஓடுகின்றனவா, ப்ராஜெக்டைத் திறக்க எவ்வளவு நேரம் எடுக்கின்றன என்பதை இலவசப் பதிப்பிலேயே சோதித்துவிடலாம். இங்கே ஒரு எச்சரிக்கை: இலவசம் என்று தரப்படும் கான்டாக்ட் லைப்ரரிகளில் கணிசமானவை விலை கொடுத்து வாங்கும் முழு கான்டாக்டுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றை இலவச கான்டாக்ட் பிளேயரில் திறந்தால் 15 நிமிடத்தில் ஒலி நின்றுவிடும். நீங்கள் சொன்ன ஃப்ரீ ஆர்கெஸ்ட்ராவுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

கொள்ளளவைப் பற்றியும் எண்ணிப் பாருங்கள். டிஸ்கவர் சுமார் 200 எம்பி. கோர் 20 ஜிபிக்கு மேல். புரொஃபஷனல் 500 ஜிபிக்கு மேல். டிஸ்கவர் உங்கள் மடிக்கணினியில் சீராக ஓடியது என்பதை வைத்து மற்ற இரண்டைப் பற்றி எதுவும் முடிவு செய்ய இயலாது.

மிடிக்கிழவர் எழுதியது:

தந்திக்கூடம் சொன்னவற்றில் பெரும்பகுதி சரியே. ஆனாலும் இலவசப் பதிப்பின் மீது அவர் வைக்கும் நம்பிக்கை சற்று அதிகம் என்பது என் கருத்து. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நாமாகக் கையை விட்டு எடுக்கும் சோற்றுக்குத்தான் பொருந்தும். இங்கே எந்தச் சோற்றை நமக்குக் காட்டுவது என்பதை முடிவு செய்பவர் விற்பவர். ஃப்ரீ ஆர்கெஸ்ட்ராவைத் திறந்து பாருங்கள். அந்த நிறுவனத்தின் பெரிய தொகுப்புகளிலிருந்து தெரிந்தெடுத்த, ஒரு கட்டையை அழுத்தியதுமே திரைப்பட ஒலியைத் தரக்கூடிய சில பேட்சுகள்தான் (ஆயத்த ஒலிகள்தான்) அதில் இருக்கின்றன. அவை உண்மையில் நன்றாகவே உள்ளன. ஆனால் ஒரு தொகுப்பின் பலவீனம் தெரிவது அப்படிப்பட்ட இடங்களில் அன்று. இரண்டாம் வயலினின் நடுத்தர ஒலிநிலையில், ஓபோ என்ற குழலின் கீழ்ச் சுரங்களில், எவரும் விளம்பரத்தில் வாசித்துக் காட்டாத பகுதிகளில்தான் அது தெரியும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். இலவசப் பதிப்பு முழுப் பதிப்பைக் குறைத்து மதிப்பிட வைப்பதும் உண்டு. அளவைச் சுருக்கும்போது முதலில் பலியாவது வெலாசிட்டி அடுக்குகள். மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டிய இடத்தில் ஒன்றோ இரண்டோ அடுக்குகள் மட்டும் இருந்தால், கீபோர்டில் ஒலியை ஏற்றி இறக்கும் மாட் வீலைத் தள்ளும்போது ஒலியின் அளவு மட்டுமே கூடும், அதன் நிறம் மாறாது. உண்மையான வயலின் குழு பலமாக வாசிக்கும்போது ஒலியில் ஏறும் கூர்மை அங்கே வராது. அடுத்து பலியாவது ஒரே சுரத்துக்கான மாற்றுப் பதிவுகள். ஸ்பிக்காட்டோவில் (வில்லைத் துள்ளவிட்டு வாசிக்கும் குறுஞ்சுரங்களில்) ஒரு சுரத்தைத் தொடர்ந்து எட்டு முறை அடித்துப் பாருங்கள். எட்டும் அச்சடித்ததுபோல் ஒலித்தால் ரவுண்டு ராபின் எனப்படும் அந்த மாற்றுப் பதிவுகள் குறைக்கப்பட்டிருக்கின்றன என்று பொருள். இந்த இரண்டு குறைகளைக் கண்டு 'இந்த லைப்ரரியே சரியில்லை' என்று ஒதுக்கியவர்களை நான் அறிவேன். அவர்கள் ஒதுக்கியது சுருக்கத்தைத்தான்.

ஆகவே என் ஆலோசனை, இலவசப் பதிப்பை முழுப் பதிப்பின் முன்னோட்டமாகக் கருதுவதை விட்டுவிட்டு, அதைத் தனியொரு கருவியாகக் கருதுங்கள் என்பதே. வசனத்துக்குக் கீழே மெல்ல நீளும் தந்தி ஒலிக்கும், விரலால் மீட்டும் ஓரிரண்டு பிட்சிக்காட்டோவுக்கும் டிஸ்கவரே போதும். கேட்பவர் எவரும் எந்தப் பதிப்பு என்று கேட்கப்போவதில்லை.

குறும்படஇசை எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஸ்பிக்காட்டோ சோதனையை உடனே செய்து பார்த்தேன். ஐயா சொன்னதன் பொருள் விளங்கியது. ஆனால் நான் கேட்டதில் கமகம் பற்றிய பகுதி விடுபட்டுவிட்டது. டிஸ்கவரில் நீண்ட சுரத்தை வைத்துப் சுரத்தை மேலும் கீழும் நகர்த்தும் பிச் பெண்டு வீலால் இழுத்தால் வயலின் குழு அழுவது போல் ஒலிக்கிறது. முழுப் பதிப்பில் லெகாட்டோ இருப்பதால் அங்கே இது சரியாகிவிடுமா?

விரலடி எழுதியது:

நான் வயலின் வாசிப்பவன். ஒலிப்பதிவுகளுக்கும் சென்று வருபவன். இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

சரியாகாது. லெகாட்டோ பேட்ச் என்பது ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வாத்தியக்காரர்கள் வில்லை நிறுத்தாமல் செல்லும் அந்தச் சிறு இடைவெளியை, ஒவ்வொரு சுர இடைவெளிக்கும் தனித்தனியாகப் பதிவு செய்து, நீங்கள் வாசிக்கும்போது இரண்டு சுரங்களுக்கும் நடுவே பொருத்துவது. மேற்கத்திய மெலடிக்கு அது அருமையாகப் பொருந்துகிறது. டிஸ்கவரில் அது இல்லை என்பதால் மெலடி வாசிக்கும்போது சுரங்கள் தனித்தனியே நிற்பதுபோல் உங்களுக்குத் தோன்றியிருக்கும்; கோரில் அந்தக் குறை நீங்கும். இலவசப் பதிப்பு காட்டாமல் மறைக்கும் மிகப் பெரிய வேறுபாடு இதுதான் என்றே சொல்வேன்.

ஆனால் கமகம் அத்தகையது அன்று. தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொண்டால், அது ஓரிடத்தில் நிற்பதே இல்லை. சுற்றியுள்ள சுரங்களைத் தொட்டு அசையும் அந்த அசைவே அந்தச் சுரம். இரண்டு நிலையான சுரங்களுக்கு இடையே உள்ள பாதையைப் பதிவு செய்து வைத்திருக்கும் எந்தத் தொகுப்பிலும், எத்தனை ஜிபி இருந்தாலும், இது கிடைக்காது. பிச் பெண்டால் இழுக்கும்போது நீங்கள் கேட்ட அந்த அழுகை எங்கிருந்து வருகிறது என்றால், பதிவிலேயே இருக்கும் வைப்ராட்டோவும் (சுரத்தின் மெல்லிய அதிர்வும்), பல வயலின்கள் சேர்ந்த அடர்த்தியும், கூடத்தின் எதிரொலியும் எல்லாமே சுரத்தோடு சேர்ந்து இழுபடுகின்றன. மெய்யான கூடத்தில் வயலின் மட்டும்தான் வழுக்கும், சுவர் வழுக்காது.

ஒரு வழி உண்டு. குழுவை நேரான சுரங்களில் மட்டும், கமகமின்றி, உங்கள் இலவசப் பதிப்பிலேயே எழுதுங்கள். தனி வயலின் நுழையும் இடங்களுக்கு ஒரு வாத்தியக்காரரை அழைத்துப் பதிவு செய்யுங்கள். ஒரே ஒரு மெய்யான வயலின் மேலே வாசித்தால், கீழே இருக்கும் சாம்பிள் குழுவும் மெய்யானதாகவே கேட்கும். காது அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை ஏற்றுக்கொள்கிறது. தனி வயலினைப் பதிவு செய்யும் அறை வறண்ட ஒலியுடையதாக இருந்தால் நல்லது, ஏனெனில் பிறகு ரீவெர்பைச் சேர்த்து அதைக் குழுவின் கூடத்தோடு ஒட்டவைக்க முடியும்.

தந்திக்கூடம் எழுதியது:

விரலடியின் யோசனையை முழுமையாக ஏற்கிறேன். ஒரு சிறு சேர்க்கை மட்டும். முழுத் தொகுப்பை வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. ஆர்கெஸ்ட்ரல் டூல்ஸ் தன் தொகுப்புகள் பலவற்றை வாத்தியம் வாத்தியமாகப் பிரித்து விற்கிறது. சைன் பிளேயர் உங்கள் கணினியில் ஒழுங்காக ஓடுகிறது என்பது லேயர்ஸ் மூலம் ஏற்கெனவே தெரிந்துவிட்டதால், முதல் வயலினை மட்டும் வாங்கிப் பார்க்கலாம்.

பிபிசி வரிசையில் வேறொரு வசதி இருக்கிறது. டிஸ்கவரில் எழுதிய ப்ராஜெக்டைப் பிறகு கோர் வாங்கினால் அதற்கு மாற்றிக்கொள்ள முடியும். மீண்டும் முதலிலிருந்து அடுக்க வேண்டியதில்லை. ஆனால் மாற்றிய பின் மாட் வீல் வளைவுகளை எல்லாம் ஒருமுறை கேட்டுத் திருத்துவது அவசியம், ஏனெனில் அடுக்குகள் கூடிவிட்டதால் பழைய வளைவு புதிய இடத்தில் வேறு விதமாக ஒலிக்கும்.

மிடிக்கிழவர் எழுதியது:

நிறுவனங்களின் சுருக்கப் பதிப்புகளை மட்டுமே இலவசம் என்று எண்ணிவிட வேண்டாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். எதையும் விற்கும் நோக்கமின்றி வெளியிடப்பட்ட முழுமையான சாம்பிள்கள் பல ஆண்டுகளாகவே உள்ளன. அயோவா பல்கலைக்கழகத்தின் மின்னணு இசைக் கூடம் 1997 முதல் தன் வாத்தியப் பதிவுகளை எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் தந்துவருகிறது. அவற்றில் பல, எதிரொலியே இல்லாத அறையில் பதிவானவை. தந்திக்கூடம் கூறிய கூட ஒலி அவற்றில் அறவே இல்லை. உங்களுக்கு வேண்டிய கூடத்தை நீங்களே அமைக்க வேண்டும், அதற்கு உழைப்பு அதிகம். சாலமாண்டர் கிராண்ட் பியானோ என்பது யமஹா சி5 பியானோவை 16 வெலாசிட்டி அடுக்குகளில் பதிவு செய்தது. ஸ்ஃபோர்ட்ஸாண்டோ என்ற இலவச பிளேயரிலேயே அது ஓடும். விலை கொடுத்து வாங்கும் பியானோக்கள் சிலவற்றில்கூட அத்தனை அடுக்குகள் இருப்பதில்லை. இவற்றுக்கு அந்தந்த நிறுவனத்தின் கணக்கோ பதிவிறக்கச் செயலியோ தேவையில்லை என்பதால், நிறுவனம் கைமாறினாலும் உங்கள் பழைய ப்ராஜெக்டுகள் திறக்கும். ஸ்பிட்ஃபயரை 2025இல் ஸ்ப்லைஸ் நிறுவனம் வாங்கியது நினைவிருக்கலாம்.

உரிமத்தையும் படித்துவிடுங்கள். நிறுவனங்களின் இலவசப் பதிப்புகளைக் கொண்டு அமைத்த இசையைப் படத்தில் பயன்படுத்திக் காசு வாங்குவதற்குப் பெரும்பாலும் தடையில்லை. அந்தச் சாம்பிள்களையே பிரித்தெடுத்து வேறு பெயரில் வெளியிடத்தான் கூடாது.

குறும்படஇசை எழுதியது:

மிக்க நன்றி. இப்போதைக்குக் கோர் வாங்குவதைத் தள்ளிவைக்கிறேன். சேர்த்த பணத்தில் ஒரு பகுதியை வயலின் கலைஞர் ஒருவருக்கும், மீதியை 16 ஜிபி ரேமுக்கும் செலவிடலாம் என்று நினைக்கிறேன். விரலடி அவர்களே, தனி வயலினைப் பதிவு செய்யும்போது கலைஞருக்கு ஹெட்போனில் குழுவின் ஒலியைக் கொடுப்பது நல்லதா, வெறும் சுருதியும் தாளமும் போதுமா?

விரலடி எழுதியது:

இரண்டையும் கொடுங்கள், குழுவைச் சற்றுக் குறைவாக வையுங்கள். சாம்பிள் குழு சமப்படுத்திய மேற்கத்திய சுரங்களில் நிற்கும், நாங்களோ சுருதியைப் பிடித்து வாசிப்போம். குழுவின் ஒலி ஹெட்போனில் ஓங்கிவிட்டால் காந்தாரமும் நிஷாதமும் அதன் பக்கம் நகர்ந்துவிடும், பிறகு கமகம் இருந்தும் ராகம் இருக்காது.