ஜூலை விடுமுறை, மூணு ராத்திரி, ரெண்டு பிள்ளைங்க: கேப்டவுனா, டர்பனா?

மிட்ராண்ட்_அப்பா
வணக்கம். தென்னாப்பிரிக்காவுல ஜொகன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்ட்ல இருக்கோம். பள்ளி விடுமுறையில ஒரு வியாழன் கிளம்பி ஞாயிறு திரும்பணும். பெரியவளுக்கு 4 வயசு, சின்னவனுக்கு 18 மாசம். சின்னவன் பகல் 12-லிருந்து 2 வரை தூங்கியே ஆகணும். கேப்டவுனா, டர்பனா? டர்பன்னா கார்ல போறதா, விமானத்துல போறதா? பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஜூலைக் குளிர்காலத்துல எது நடக்கும், எது நடக்காதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கேப்_வாணி
கேப்டவுன் போங்க. ஆனா தங்குற இடம் வாட்டர்ஃபிரண்ட், கிரீன் பாயிண்ட், சீ பாயிண்ட் இந்த மூணுக்குள்ள இருக்கணும். அதைவிட்டு வெளியே போனீங்கன்னா குளிர்காலத்துல பாதிப் பொழுது கார்லயே போயிடும்.

மழையைப் பத்தி எல்லாரும் பயமுறுத்துவாங்க. ஜூன், ஜூலைதான் அங்க அதிகமா மழை பெய்யுற மாசங்கள், அது உண்மை. ஆனா கோல்ட் ஃபிரண்ட் (குளிர்காத்தும் மழையுமா வர்ற வானிலை) ஒண்ணு வந்து கொட்டிட்டுப் போனதும் ஒரு நாள், ரெண்டு நாள் வானம் பளிச்சுன்னு இருக்கும். அதனால வெள்ளிக்கு இது, சனிக்கு அதுன்னு முன்னாடியே எழுதிவைக்காதீங்க. மழை நாளுக்கு ஒரு திட்டம், வெயில் நாளுக்கு ஒரு திட்டம் கையில இருக்கட்டும். முந்தின ராத்திரி வானிலையைப் பார்த்து எதுன்னு முடிவு பண்ணுங்க.

மழை நாளுக்கு டூ ஓஷன்ஸ் மீன் காட்சியகம். பூராவும் கூரைக்குள்ள, தள்ளுவண்டி போகும், ரெண்டு மணி நேரம் போறதே தெரியாது. 18 மாசக் குழந்தைக்குச் சுறாவைவிடக் கெல்ப் காடு இருக்கிற தொட்டிதான் பிடிக்கும். அந்த நீளப் பாசி முன்னும் பின்னும் ஆடுறதை அசையாம பார்த்துட்டு நிக்கும். இன்னொரு இடம் இசிகோ அருங்காட்சியகம், திமிங்கல எலும்புக்கூடு கூரையிலிருந்து தொங்குற கூடம். மழை விட்டா வாசல்லயே கம்பெனி தோட்டம், அணில்கள் காலடிக்கே வரும்.

வெயில் நாளுக்கு போல்டர்ஸ் கடற்கரையில பெங்குவின். நகரத்திலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். 12 மணிக்குக் கிளம்புங்க, சின்னவன் கார்லயே தூங்கிடுவான். இறங்கினதும் மரப்பலகை நடைபாதையில பெங்குவின் பாருங்க. 3 மணிக்குள்ள திரும்பிடணும். அந்தப் பக்கத்து ஒற்றைச் சாலையில சாயங்கால நெரிசல் பிடிச்சா பிள்ளைங்க தாங்காதுங்க.

டர்பன்_முருகு
வாணி அக்கா சொல்ற இடமெல்லாம் நல்ல இடம்தான். கணக்குதான் உதைக்குது. மூணு ராத்திரின்னா முழு நாள் ரெண்டுதான். கோல்ட் ஃபிரண்ட் வியாழன் ராத்திரி வந்தா வெள்ளி போச்சு, சனி பாதி போச்சு. ஒரு வாரம் தங்குறவங்களுக்கு வெயில் நாள் கட்டாயம் ஒண்ணாவது வரும். மூணு ராத்திரிக்காரங்க சீட்டுப் போட்டுத்தான் பார்க்கணும்.

அந்த 12 மணித் திட்டத்தையும் யோசிங்க. 40 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். தூக்கமும் ஒரு மணி நேரம்தான். அவர் கேட்டது ரெண்டு மணி நேரம். கார் நின்னதும் முழிக்கிற பிள்ளை பெங்குவினைப் பார்த்து அழும்.

டர்பன்ல ஜூலைப் பகல் 22, 23 டிகிரி. குளிர்காலம்தான் அங்க மழை குறைஞ்ச காலம். அரைக்கால் சட்டையோட மணல்ல விட்டுடலாம். ஒரு வாளி, ஒரு கரண்டி போதும், காலை முழுக்கப் போயிடும். கூரைக்கு அடியில என்ன இருக்குன்னு தேட வேண்டிய அவசியமே இல்லை.

கேப்_வாணி
தம்பி, டர்பன்ல சூரியன் எத்தனை மணிக்கு மறையுதுன்னு ஏன் சொல்லலை? ஜூலைத் தொடக்கத்துல 5 மணி தாண்டினதும் இருட்டு. குழந்தை 2 மணிக்கு முழிச்சு, சாப்பிட்டு, நாப்பி மாத்திக் கிளம்ப 2:45 ஆகும். மிச்சம் இருக்கிறது ரெண்டேகால் மணி நேரம். கேப்டவுன்ல 5:45-க்கு மேலயும் வெளிச்சம் இருக்கும்.

டர்பன்_முருகு
மறைவைச் சொன்னீங்க, உதயத்தையும் சொல்லுங்க அக்கா. கேப்டவுன்ல விடியறதுக்கு 7:50. பிள்ளை 6 மணிக்கு எழுந்தா ரெண்டு மணி நேரம் இருட்டுல, சூடில்லாத அறையில என்ன பண்ணுவாங்க? டர்பன்ல 6:50-க்குச் சூரியன் கடல்லருந்து ஏறி வருது. 7:30-க்கு நடைபாதையில இருக்கலாம். 7:30-லிருந்து 11:30 வரை நாலு மணி நேரம், அதுதான் சின்னப் பிள்ளைங்களோட நல்ல நேரம். மொத்தப் பகல்னு பார்த்தாலும் டர்பன்தான் கொஞ்சம் நீளம்.

கேப்_வாணி
காலை நேரக் கணக்கை ஒத்துக்கறேன். கடலைப் பத்திப் பேசுவோமா? 2022 ஏப்ரல் வெள்ளத்துல கழிவுநீர்க் கட்டமைப்பு உடைஞ்சதிலிருந்து டர்பன் கடற்கரைகளை ஈ.கோலை கிருமிக்காக மூடுறதும் திறக்கிறதுமா இருந்திருக்கு. வாயில மணல், வாயில தண்ணின்னு இருக்கிற 18 மாசக் குழந்தை இது. அதோட மே முதல் ஜூலை வரை மத்தி மீன் ஓட்டம். மீன் கூட்டம் வரும்போது சுறா வலைகளைத் தற்காலிகமா எடுத்துடுவாங்க, அந்த நாள்ல குளிக்கத் தடை. பெரியவள்கிட்ட "கடல்ல குளிக்கலாம்"னு சொல்லிக் கூட்டிட்டுப் போய் அங்க சிவப்புக் கொடி பறந்தா?

டர்பன்_முருகு
ரெண்டும் சரி, மறைக்க எதுவும் இல்லை. அதனாலதான் கடல் குளியலை நம்பித் திட்டம் போடக் கூடாது. கடல் 21 டிகிரி, பெரியவங்களுக்குச் சுகம். ஆனா நனைஞ்ச சின்னக் குழந்தை காத்து பட்டா அஞ்சு நிமிஷத்துல உதடு நீலம் பாயும். காய்ஞ்ச மணல்தான் திட்டம். கிளம்புற அன்னிக்குக் காலையில மாநகராட்சி அறிவிப்பைப் பாருங்க. மழை பெஞ்ச மறுநாளும், ஆத்து முகத்துவாரம், மழைநீர்க் குழாய் பக்கத்துலயும் தண்ணியில காலே வைக்க விடாதீங்க.

அப்புறம் பெர்க் காத்து. உள்நாட்டுலருந்து சூடா அடிக்கும், ஜூலையிலயே 30 டிகிரி ஏறும். அது முடிஞ்சு தென்மேற்குக் காத்து திரும்பினா ஒரு மணி நேரத்துக்குள்ள வெப்பம் சடார்னு இறங்கும். சூடா இருக்கேன்னு ஸ்வெட்டரை அறையில விட்டுட்டுப் போறதுதான் எல்லாரும் பண்ற தப்பு.

நெடுஞ்சாலை
கார் பயணம் பற்றி மட்டும் சொல்கிறேன். மிட்ராண்டிலிருந்து டர்பன் ஏறக்குறைய 600 கிலோமீட்டர். குழந்தைகள் இல்லாமல் ஆறு மணி நேரம் சொச்சம். இந்த வயதுக் குழந்தைகளோடு எட்டு மணி நேரம். டி ஹூக், வில்ஜ், டுகேலா, மூய் ரிவர், மரியன்ஹில் என்று ஐந்து சுங்கச்சாவடிகள், ஒரு வழிக்கு 300 ராண்டுக்கு மேல்.

விடிவதற்கு முன் கிளம்பாதீர்கள். வார்டன், ஹாரிஸ்மித் பகுதியில் ஜூலை விடியற்காலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். மூடுபனியில் முன்னால் போகும் லாரியின் விளக்கு கடைசி நேரத்தில்தான் தெரியும். 7:30-க்குக் கிளம்பினால் வில்லியர்ஸில் முதல் நிறுத்தம், ஹாரிஸ்மித்தில் சாப்பாடு, மூய் ரிவரில் கடைசி நிறுத்தம். வான் ரீனன் கணவாயில் பனி பெய்தால் சாலையையே மூடிவிடுவார்கள். 2024 செப்டம்பரில் அந்தப் பகுதியில் வண்டிகள் இரவு முழுக்கப் பனிக்குள் நின்றன. குளிர்காலத்தில் இந்த வழியில் போகிறவர்கள் போர்வை, குடிநீர், ஒரு நாளுக்கான நாப்பி, பிஸ்கட் ஆகியவற்றை டிக்கியில் அல்ல, கை எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு முன்னால் டவுன் ஹில் இறக்கத்தில் லாரி விபத்துகளும், அதற்குப் பிறகு டர்பன் வரை சாலை விரிவாக்க வேலையும் உண்டு. கூகுள் காட்டும் நேரத்தோடு ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மூன்று இரவுக்கு இரண்டு பகல்களைச் சாலையில் கொடுப்பது கட்டுப்படியாகாது. நான்கு இரவு என்றால் காரையே சொல்வேன்.

மிட்ராண்ட்_அப்பா
அப்போ விமானம்தான்னு தோணுது. ஊபர் வச்சே ஓட்டிடலாமா, இல்ல வாடகைக் காரா?

லெனேசியா_நர்ஸ்
ஊபரில் குழந்தை இருக்கை வராது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை காரில் குழந்தை இருக்கையில்தான் உட்கார வேண்டும் என்பது 2015 ஏப்ரல் 30 முதல் இந்த நாட்டுச் சட்டம். சட்டம் கிடக்கட்டும், மடியில் வைத்திருக்கும் குழந்தையை மோதலில் எந்தக் கையாலும் பிடிக்க முடியாது. வாடகைக் காருக்கு முன்பதிவு செய்யும்போது இருக்கையும் கேட்கலாம், ஆனால் கவுண்டரில் வேறு அளவு வந்து நிற்பது சாதாரணம். வீட்டு இருக்கையையே எடுத்துப்போங்கள். டிக்கெட் போடும்போதே அந்த விமான நிறுவனம் இருக்கையையும் தள்ளுவண்டியையும் எப்படி ஏற்றும் என்று படித்துவிடுங்கள்.

எந்த ஊருக்குப் போனாலும் பொருந்துகிற ஒன்று இருக்கிறது. பஞ்சு அடைத்த தடி ஜாக்கெட்டோடு குழந்தையை இருக்கையில் கட்டாதீர்கள். வீட்டிலேயே செய்து பார்க்கலாம்: ஜாக்கெட்டோடு உட்காரவைத்துப் பட்டையை இறுக்குங்கள். பட்டையைத் தொடாமல் குழந்தையை வெளியே எடுத்து, ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, மறுபடி உட்காரவைத்துப் பூட்டுங்கள். தோளுக்கும் பட்டைக்கும் நடுவில் உங்கள் கை முழுசாக நுழையும். மோதினால் குழந்தை அந்த இடைவெளி வழியாகத்தான் நழுவும். மெல்லிய ஸ்வெட்டரோடு பட்டையைக் கட்டி, அதற்கு மேல் போர்வையைப் போர்த்துங்கள்.

விமானம் இறங்கத் தொடங்கும்போது சின்னவனுக்குப் பால் கொடுங்கள். விழுங்க விழுங்கத்தான் காது அடைப்பு விடும். விமானம் ஏறும்போதே புட்டியைக் காலிபண்ணிவிட்டால் தேவைப்படும் நேரத்தில் ஒன்றும் இருக்காது. விமான நிலையத்துக்குக் கௌட்ரெயின் ரயிலில் போனால் வண்டிக்குள் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. ஊட்டுவதை முன்பே முடித்துவிடுங்கள். சின்னவன் மடியில் வருவதால் வயதுக்குச் சான்று கேட்பார்கள், பிறப்புச் சான்றிதழ் நகல் கையில் இருக்கட்டும்.

கேப்_வாணி
நர்ஸ் அக்கா சொன்ன ஜாக்கெட் விஷயம் ரொம்ப முக்கியம். மழைக்கு நான் ஒண்ணு சேர்க்கறேன்: கேப்டவுன் காத்துல குடை உதவாது, பிரண்டுடும். முழங்கால் வரை வர்ற மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸும்தான். ஃபிரண்ட் அடிக்கிற நாள்ல சீ பாயிண்ட் நடைபாதைப் பக்கம் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகவே கூடாது, அலை சுவரைத் தாண்டி விழும்.

டர்பன்_முருகு
டேபிள் மலைக் கேபிள் காரைப் பத்தியும் சொல்லிடுங்க அக்கா, எல்லாரும் அதைத்தான் நினைச்சுட்டுப் போவாங்க.

கேப்_வாணி
சொல்றேன். காத்து அதிகமானா ஓடாது. ஜூலைக் கடைசியில வருஷாந்தரப் பராமரிப்புக்காக மூடுறதும் வழக்கம். ஓடினாலும் மேலே ஆயிரம் மீட்டருக்கு மேல, அந்தக் குளிர்காத்துல 18 மாசக் குழந்தையோட அரை மணி நேரம்கூட நிக்க முடியாது. அது கிடைச்சா லாபம், கிடைக்கலைன்னா நஷ்டமில்லைன்னு வச்சுக்கணும். கர்ஸ்டன்போஷ் தோட்டமும் அப்படித்தான். மலையோட அந்தப் பக்கம்தான் நகரத்துலயே அதிகமா நனையுற இடம். கிரீன் பாயிண்ட்ல வெயில் அடிக்கும்போது அங்க தூறிட்டிருக்கும்.

மிட்ராண்ட்_அப்பா
டர்பன்னா எங்க தங்கணும்? மழை வந்தா என்ன பண்றது?

டர்பன்_முருகு
உம்ஷ்லாங்கா, டர்பனுக்கு வடக்கே கடலோரம். கிங் ஷாகா விமான நிலையத்திலிருந்து கால் மணி நேரம், பகல் தூக்கத்துக்குத் திரும்பி வர்றதும் சுலபம். வாசல் தாண்டினா கலங்கரை விளக்கமும் நடைபாதையும். சமைக்க அடுப்பு உள்ள இடமாப் பாருங்க, சின்னவனுக்கு ஒரு ரசம் சாதம், தயிர் சாதம் பண்ணிக்கலாம். தயிருக்கு அமாசி (இங்கத்திப் புளிச்ச பால்) வாங்காதீங்க, புளிப்பு கூடிப்போகும். சாதாரண கெட்டித் தயிர் போதும். பன்னி சாவ் (ரொட்டியைக் குடைஞ்சு உள்ளே குழம்பு ஊத்தினது) வாங்கினா பெரியவளுக்கு மேல மூடி வைக்கிற ரொட்டித் துண்டை மட்டும் கொடுங்க, பீன்ஸ் பன்னியிலயும் காரம் உண்டு.

ஒரு காலை உஷாகா கடல் பூங்கா. திறந்ததும் மீன் காட்சியகம், பழைய கப்பல் மாதிரி கட்டியிருக்காங்க, இருட்டா இருக்கும், பெரியவளை முன்னாடியே தயார்ப்படுத்துங்க. அங்க தண்ணிச் சறுக்கு குளிர்காலத்துல இந்த வயசுக்கு வேண்டாம். வெளியே வந்தா நடைபாதையில ரிக்‌ஷாக்காரங்க. கொம்பும் மணியுமா அந்தத் தலைப்பாகை பிள்ளைங்களுக்குத் திருவிழா. படம் எடுத்தா காசு கேப்பாங்க, முதல்லயே பேசிக்குங்க. இன்னொரு காலை 1849-லருந்து இருக்கிற தாவரவியல் பூங்கா, நுழைவு இலவசம், குளத்துல நாரைகள். மழைன்னா நகர மண்டபத்துக்குள்ள இயற்கை அறிவியல் அருங்காட்சியகம், அதுவும் இலவசம்.

ஒரு எச்சரிக்கை: ஜூலை முதல் சனிக்கிழமை டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம். அந்த வார இறுதியில அறை விலை ஏறும், கிரேவில் பக்கம் சாலை நகராது. அதைத் தாண்டின வாரத்தை எடுங்க. விடுமுறைக் கடைசி நாட்கள்னா, ஜூலை 17 வாக்குல ஆடி பிறந்துடும், மாரியம்மன் கோயில்கள்ல கூழ் ஊத்த ஆரம்பிப்பாங்க. மவுண்ட் எட்ஜ்கோம் கோயில் உம்ஷ்லாங்காவுக்குப் பக்கத்துலதான்.

கேப்_வாணி
இந்தத் திட்டம் நல்லாத்தான் இருக்கு. ஆனா மணல், மீன் தொட்டி, பூங்கா அவ்வளவுதான், பெரியவளுக்குப் புதுசா ஒண்ணும் இல்லை. நாலு வயசுக்காரி பெங்குவினை அதோட சொந்தக் கரையில பார்க்கிறதை வருஷக்கணக்கா சொல்லிட்டிருப்பா. 2024-ல ஆப்பிரிக்கப் பெங்குவினை மிக ஆபத்தான நிலையில இருக்கிற இனம்னு அறிவிச்சுட்டாங்க. அவ வளர்ந்து வரும்போது எத்தனை மிஞ்சும்னு யாருக்குத் தெரியும்? சின்னவனோட தூக்கத்துக்காக மட்டும் முடிவு பண்ணாதீங்க.

டர்பன்_முருகு
அந்தப் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இல்லை அக்கா. பெங்குவின் பார்க்கணும், ஆனா செப்டம்பருக்கு மேல, சின்னவனுக்கு ரெண்டு வயசு ஆன பிறகு, அஞ்சு ராத்திரி எடுத்துட்டுப் போகட்டும்.

மிட்ராண்ட்_அப்பா
டர்பன், விமானம், உம்ஷ்லாங்கா, குதிரைப் பந்தயத்துக்கு அடுத்த வாரம். பெங்குவினை அடுத்த வருஷத்துக்குக் குறிச்சு வச்சுட்டேன் வாணி அக்கா. ஞாயிறு ராத்திரி 7 மணி விமானம் மலிவா இருக்கு, போடலாமா?

லெனேசியா_நர்ஸ்
வேண்டாம், பகல் 2 மணிக்குள் உள்ளதைப் பாருங்கள், விலை கூடினாலும். சின்னவன் வழக்கமான நேரத்தில் அறையில் தூங்க முடியாது, விமானத்தில் தூங்குவான். 7 மணி விமானம் என்றால் வீடு வந்து சேர 10 ஆகும், சாப்பாடும் தூக்கமும் ஒன்றாகக் கெடும். இன்னொன்று, 23 டிகிரியில் ஏறி, நடுங்க வைக்கும் குளிரில் இறங்குவீர்கள். டர்பனில் ஜாக்கெட்டையெல்லாம் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு, ஜொகன்னஸ்பர்க் கார் நிறுத்துமிடத்தில் சட்டையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர்கள் நிறையப் பேர். தொப்பி, காலுறை, ஒரு போர்வை, மூன்றையும் கைப்பையில் மேலாக வையுங்கள்.